நாற்காலியை விட்டு எழுந்திருப்பது எவ்வளவு பெரிய வித்தை தெரியுமா?

இன்று காலையிலிருந்து எத்தனை தடவை உட்கார்ந்து எழுந்தீர்கள்? கணக்கு வைத்திருக்க மாட்டீர்கள். யார்தான் வைத்திருப்பார்கள்! கட்டிலிலிருந்து, கழிப்பறையிலிருந்து, டீக்கடை பெஞ்சிலிருந்து, பஸ் சீட்டிலிருந்து... இப்படி ஒவ்வொரு தடவை எழும்போதும் உங்கள் ஒரு முழங்கால் மூட்டில் விழுகிற பாரம் உங்கள் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு என்று தெரியுமா?

குத்துமதிப்பாகச் சொன்னதல்ல இது. பெர்லின் சாரிட்டே மருத்துவமனை ஆய்வாளர்கள், மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின்போது செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுக் கருவியை வைத்துவிட்டார்கள். நோயாளி நடக்க நடக்க, மூட்டு உள்ளேயிருந்து கம்பியில்லாமல் சேதி அனுப்பியது! 2010இல் வெளியான அந்தக் கணக்கைப் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழும்போது உடல் எடையில் 246 சதவீதம். சமதளத்தில் நடக்கும்போது 261. மாடிப்படி ஏறும்போது 316. இறங்கும்போது குறையும் என்றுதானே நினைக்கிறீர்கள்? அங்கேதான் விஷயம். 346! அறுபது கிலோ எடையுள்ள அம்மா ஒருவர் ரேஷன் கடைப் படியில் இறங்குகிறார் என்றால், ஒவ்வொரு படிக்கும் அவர் முழங்காலில் நாலு சிமென்ட் மூட்டை ஏறி இறங்குகிறது. அடேயப்பா!

அத்தனை பாரத்திலும் மூட்டு மடங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது யார்? தொடையின் முன்பக்கத் தசைகள். நாலு தசைகள் கூட்டுச் சேர்ந்து முழங்கால் சில்லுக்கு மேலே ஒன்றாக இறங்குகின்றன. அவற்றுக்குத் துணை பிட்டத்துத் தசை. உடம்பிலேயே மிகப் பெரிய தசை எது என்று கேட்டால் பலரும் புஜத்தைத் தட்டிக் காட்டுவார்கள். இல்லை! நாம் எப்போதும் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறோமோ, அதுதான்.

அடுத்த முறை வீட்டில் வயசான ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்போது கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதலில் பாதம் இரண்டும் தானாகப் பின்னுக்கு வரும், குதிகால் முழங்காலுக்குப் பின்னால் போகிற அளவுக்கு. அப்புறம் உடம்பு முன்னால் சாயும், மூக்கு கால் விரலைத் தாண்டுகிற வரைக்கும். அடுத்து, இருக்கையை விட்டுப் பின்புறம் எழும்புகிற அந்த ஒரு நொடி! முழு எடையும் இருக்கையிலிருந்து பாதத்துக்கு மாறுவது அப்போதுதான். பலரும் திணறுகிற இடமும் அதுதான். ஒரு கை நாற்காலிக் கைப்பிடியை அழுத்தும், இன்னொரு கை தொடையை ஊன்றும், வாய் “அப்பனே முருகா” என்னும். எழுந்து நின்றபின் உடனே நடக்காமல் ஒரு கணம் நின்று நிதானித்தால், கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். குழி விழுந்த பழைய சோபா என்றால் இந்தப் பாடு இரட்டிப்பு. இருக்கை எவ்வளவு தாழ்வோ, தொடைக்கு அவ்வளவு வேலை. பெரியவர்களுக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று நாம் ஆசையாக வாங்கிப் போடுகிற தாழ்ந்த சோபாதான் அவர்களுக்கு எமன்!

வயது ஏற ஏறக் கையைவிடக் கால்தான் சீக்கிரம் வலு இழக்கும் என்பது தெரியுமா? தேங்காய் உடைக்கிற கை அப்படியே இருக்கும், படியேறுகிற கால் மட்டும் கைவிட்டுவிடும். அதிலும் ஒரு வேடிக்கை. தசையின் பருமன் குறைவதைவிட வேகமாக வலு குறையும். வலுவைவிட வேகமாக, சட்டென்று இயங்குகிற சுறுசுறுப்பு குறையும். தசையில் நிதானமாக நெடுநேரம் உழைக்கிற இழைகள் உண்டு, நொடியில் பாய்கிற இழைகளும் உண்டு. வயோதிகத்தில் முதலில் மெலிவது பாய்கிற இழைகள்தான். வாசற்படி தடுக்கினால் அடுத்த காலை முன்னால் வைத்துச் சமாளிக்கக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். அதற்குள் கால் வந்துவிட்டால் “ஐயோ, தடுக்கிச்சு” என்பதோடு போய்விடும். வராவிட்டால் இடுப்பெலும்பு முறிவு. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் கீழே விழுவதால் சாகிறார்கள். எதிர்பாராத காயங்களால் வரும் சாவில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்!

சரி, கால் வலு போவதற்கு எத்தனை வருஷம் ஆகும்? வருஷமா! பத்தே நாள் போதும். அமெரிக்காவில், சராசரி வயது 67 உள்ள, நோய்நொடி இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். 2007இல் முடிவு வெளியானது. சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. அப்படியும் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை காணாமல் போனது! முழங்காலை நீட்டும் வலுவில் சுமார் 16 சதவீதம் போச்சு. இத்தனைக்கும் இவர்கள் ஆரோக்கியமானவர்கள். காய்ச்சலோ ஆபரேஷனோ ஆகி ஆஸ்பத்திரியில் கிடக்கிற பெரியவரின் நிலையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இளவட்டம் மட்டும் தப்பியதா? அதுவும் இல்லை. 1966இல் டாலஸ் நகரில் இருபது வயசுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கப் போட்டார்கள். உழைக்கும்போது உடம்பு பிராணவாயுவைப் பயன்படுத்துகிற திறன் மளமளவென்று சரிந்தது. அதே ஐந்து பேரை முப்பது வருஷம் கழித்துக் கூப்பிட்டுச் சோதித்தால்... முப்பது வருஷ மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் அதிகம்! 

இங்கே நம் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். “நீங்க உக்காருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்.” “பாட்டி, எதுக்கு எந்திரிக்கறீங்க, தண்ணி வேணும்னா ஒரு குரல் குடுக்க வேண்டியதுதானே!” பாசம்தான், சந்தேகமில்லை. மருமகள் தாங்குகிறாள் என்று தெருவே மெச்சும். ஆனால் ஒரு நாளைக்கு முப்பது தடவை எழுந்துகொண்டிருந்த காலை ஐந்து தடவைக்குக் கொண்டுவந்து விடுகிறோம். பெரியவர் தானே எழுந்துபோய்ச் செம்பில் தண்ணீர் மொண்டு குடிப்பதைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். கூடவே நின்றுகொள்ளுங்கள், எழுவதை மட்டும் அவருக்கே விட்டுவிடுங்கள்.

போனது போனதுதானா? அப்படித்தான் வைத்தியர்களே நெடுங்காலம் நம்பினார்கள். 1990இல் பாஸ்டனிலிருந்து வந்தது ஒரு செய்தி! மரியா ஃபியடரோன் என்ற மருத்துவர், அங்குள்ள ஹீப்ரூ முதியோர் மறுவாழ்வு மையத்தில் பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். வயது என்ன தெரியுமா? 86 முதல் 96! தளர்ந்தவர்கள், பல நோய் உள்ளவர்கள், ஒரு சிலருக்குக் கைத்தடி. இவர்களை நடக்கவா சொன்னார்? மூச்சுப் பயிற்சியா? கால் வலுவுக்கான எடை தூக்கும் இயந்திரத்தில் உட்கார வைத்தார்! அதுவும் பூப்போல அல்ல. ஒருவர் ஒரே ஒரு முறை அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியுமோ அதில் 80 சதவீத எடை. எட்டு எட்டாக மூன்று சுற்று, வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம்.

தொண்ணூறு வயசுக்காரருக்கு எடை தூக்கும் பயிற்சியா என்று அன்றைக்குப் பலரும் முகம் சுளித்திருப்பார்கள். முடித்தவர்கள் ஒன்பது பேர். கால் வலு கூடியது சராசரியாக 174 சதவீதம்! பத்துக் கிலோ தூக்கிய கால் இருபத்தேழு கிலோ தூக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொடைத் தசையின் பருமனும் 9 சதவீதம் கூடியிருந்தது. முன்காலின் குதிகால் பின்காலின் விரலைத் தொட ஒரே கோட்டில் அடி வைத்து நடக்கும் வேகம் 48 சதவீதம் கூடிற்று. இரண்டு பேர் கைத்தடியைத் தூரப் போட்டார்கள். கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழவே முடியாமல் இருந்த மூன்று பேரில் ஒருவர் தானாக எழுந்தார். பயிற்சியை நிறுத்தினார்கள். நாலே வாரத்தில் வலுவில் 32 சதவீதம் போயிற்று. வயசு அதே வயசுதான், மாறியது உழைப்பு மட்டும்.

அதே குழு சும்மா இருக்கவில்லை. 1994இல் நூறு பேரை வைத்து இன்னும் பெரிதாகச் செய்தது. சராசரி வயது 87. இந்த முறை ஒரு சாமர்த்தியம். சிலருக்குப் பயிற்சி மட்டும், சிலருக்குச் சத்துப் பானம் மட்டும், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் வலு 113 சதவீதம் ஏறியது. படியேறும் திறன் 28 சதவீதம், நடை வேகம் 12 சதவீதம் கூடியது. சத்துப் பானம் மட்டும் குடித்தவர்கள்? ஊஹூம்! கால் வலுவில் அது ஒன்றும் செய்யவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா அம்மாவுக்குச் சத்து மாவு டப்பா வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம்.

அதற்காகச் சாப்பாடு வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். வயசானவர்களுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் தேவை என்று 2013இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. அறுபது கிலோவுக்கு அறுபது கிராமாவது வேண்டும். இரண்டு இட்லியில் கிடைப்பது நாலு கிராம் போல! முட்டை ஒன்றுக்கு ஆறு. பல் இல்லை, ஜீரணம் இல்லை என்று ராத்திரிக்கு ரசம் சாதத்தோடு முடித்துக்கொள்கிறவர்களுக்குத் தொடை எங்கிருந்து தேறும்? சுண்டல், பருப்பு, தயிர், மீன், எது ஒத்துக்கொள்கிறதோ அது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் கூட்ட வேண்டாம்.

சரி, உங்கள் கால் எந்த நிலையில் இருக்கிறது? காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம்! கைப்பிடி இல்லாத, சுமார் 17 அங்குல உயர நாற்காலி ஒன்று. சுவரோடு ஒட்டிப் போடுங்கள், நகரக் கூடாது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். முப்பது நொடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது? கலிபோர்னியாவில் ராபர்ட்டா ரிக்லி, ஜெசி ஜோன்ஸ் இருவரும் 1999இல் உருவாக்கிய சோதனை இது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இன்றும் கையாளுகிறது. 65 முதல் 69 வயது ஆண் 12 தடவைக்குக் கீழே, பெண் 11க்குக் கீழே என்றால் சராசரிக்கும் குறைவு. 80 முதல் 84 வயதில் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9. கையை ஊன்றி எழுந்தால் மதிப்பெண் பூஜ்ஜியம்! நாற்பது வயசு மகன்களும் மகள்களும் இதைச் செய்து பார்க்கலாம். சிரிப்பு சீக்கிரமே அடங்கிவிடும்.

ஜப்பான்காரர்கள் இன்னும் சிக்கனம். நாற்காலிகூட வேண்டாம், விரல் போதும்! இரண்டு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் செய்து, ஆடுசதையின் பருத்த இடத்தில் மாட்டிப் பார்க்க வேண்டும். வளையம் பற்றாமல் போனால் சந்தோஷம். தொளதொளவென்று இடைவெளி விட்டால் தசை கரைந்துகொண்டிருக்கலாம். டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரப்பிய சோதனை இது. காலில் நீர் கோர்த்திருந்தால் ஏமாற்றிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரேசிலில் ஒரு டாக்டர், கிளாடியோ கில் அராவுஜோ. அவர் வைத்த பரீட்சை நம் பாட்டிமார் தினமும் செய்த காரியம்! தரையில் உட்கார வேண்டும், எழ வேண்டும். அவ்வளவுதான். மொத்தம் பத்து மதிப்பெண். கை ஊன்றினால் ஒன்று போச்சு. முழங்கால் ஊன்றினால் இன்னொன்று. தள்ளாடினால் அரை. 51 முதல் 80 வயதுக்குள் 2,002 பேரைச் சோதித்து ஆறு வருஷத்துக்கு மேல் கவனித்தார்கள். மூன்றும் அதற்குக் கீழும் வாங்கியவர்கள், எட்டும் அதற்கு மேலும் வாங்கியவர்களைப் போல ஐந்து மடங்குக்கும் அதிகமாக இறந்திருந்தார்கள். பந்தியில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, இலையை மடக்கிவிட்டு, எச்சில் கையை எங்கேயும் ஊன்றாமல் எழுந்து கை கழுவப் போனார்களே, அவர்கள் அத்தனை பேரும் ஒருவேளைக்கு ஒரு முறை இந்தப் பரீட்சையில் தேறியவர்கள்தான்! கல்யாண மண்டபத்தில் மேசை வந்தது, வீட்டில் டைனிங் டேபிள் வந்தது, கழிப்பறையில் மேல்நாட்டுக் கோப்பை வந்தது. முடியாதவர்களுக்கு அவை வரம், நான் மறுக்கவில்லை. முடிகிறவர்களும் ஏன் தரையை மறந்தோம் என்பதுதான் என் ஆற்றாமை.

அதே அராவுஜோ குழு 2022இல் இன்னொன்று சொன்னது. ஒற்றைக் காலில் பத்து நொடி நிற்க முடிகிறதா? 51 முதல் 75 வயதுக்குள் 1,702 பேரில் ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. 71க்கு மேல் பாதிப் பேருக்கு மேல் அவுட்! முயன்று பார்ப்பவர்கள் பக்கத்தில் சுவரோ ஆளோ இருக்கட்டும்.

நடை வேகம் ஆயுளைச் சொல்லும் என்றால் ஜோசியம் மாதிரி இருக்கிறதா? 2011இல் ஒன்பது ஆய்வுகளைச் சேர்த்து 34,485 முதியவர்களின் நடையைப் பார்த்தார்கள். வழக்கமான நடையில் நாலு மீட்டரை ஐந்து நொடியில் கடக்கிறவர், அதாவது நொடிக்கு 0.8 மீட்டர், தன் வயதுக்கு உரிய சராசரி ஆயுள்காரர். ஒரு மீட்டரைத் தாண்டினால் கூடுதல் யோகம். பிரிட்டனில் சாலை கடக்கும் பச்சை விளக்கு நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவர்களுக்காக அமைக்கப்பட்டது. அங்குள்ள முதியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வேகம் இல்லை என்று கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் பச்சையோ சிவப்போ, பைக் வருகிற திசையைப் பார்த்துத்தான் காலை வைக்க வேண்டியிருக்கிறது. அது வேறு பஞ்சாயத்து!

இதைக் கேளுங்கள், இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. சுவீடனின் உமேயா நகர முதியோர் இல்லத்தில் ஆய்வாளர்கள் 58 பேருடன் நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பெரும்பாலானவர்கள் நடந்தபடியே பதில் சொன்னார்கள். பன்னிரண்டு பேர் பதில் சொல்வதற்காக நின்றுவிட்டார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் கீழே விழுந்தார்கள்! 1997இல் வெளியான சின்ன ஆய்வு இது. நடை தானாக ஓடாமல், ஒவ்வோர் அடியையும் மூளை கவனித்து வைக்க வேண்டியிருந்தால், பேச்சுக்குக் கவனம் மிஞ்சாது. தாத்தாவோடு கடைத்தெருவுக்குப் போகும்போது அவர் பேச நிற்கிறாரா, நடந்துகொண்டே பேசுகிறாரா என்று சும்மா கவனித்து வையுங்கள்.

மாடிப்படிக்கு மறுபடியும் வருவோம். ஏறுவது உடம்புக்கு நல்லதா, இறங்குவதா? தைவானில் அறுபது வயதைக் கடந்த, உடல் பருத்த பெண்கள் முப்பது பேரைப் பாதியாகப் பிரித்தார்கள். பாதிப் பேர் படியேறி, லிஃப்டில் இறங்கினார்கள். மீதிப் பேர் லிஃப்டில் ஏறி, படியில் இறங்கினார்கள். வாரம் இரண்டு முறை, பன்னிரண்டு வாரம். ஏறியவர்களின் முழங்கால் வலு 15 சதவீதம் கூடியது. இறங்கியவர்களுக்கு 34 சதவீதம்! மூச்சு வாங்காமல் சொகுசாக இறங்கியவர்களுக்கு இரட்டைப் பரிசு. காரணம், இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. மேலே சொன்ன 346 சதவீதம் நினைவிருக்கிறதா? அத்தனையையும் பிரேக் பிடிப்பது அதுதான். நாற்காலியில் ‘தொப்’பென்று விழாமல் மூன்று எண்ணி மெதுவாக உட்கார்ந்தாலே இந்த வேலை நடந்துவிடும். எழும்போது சட்டென்று, உட்காரும்போது நிதானமாக. தடுமாற்றம் இருக்கிறவர்கள் படிக்கட்டுக் கைப்பிடியை விட வேண்டாம்.

“எனக்கு மூட்டு தேய்ஞ்சுபோச்சு, நடக்கவே கூடாது” என்பவர்கள் தெருவுக்கு நாலு பேர். மூட்டுத் தேய்மானத்துக்கு உலகெங்கும் மருத்துவ வழிகாட்டிகள் முதல் வரிசையில் வைத்திருக்கும் சிகிச்சையே உடற்பயிற்சிதான் என்பது தெரியுமா? தொடைத் தசையை வலுவாக்குவது அதில் முக்கியம். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, பாதத்தை மேல்நோக்கி மடக்கி, ஐந்து எண்ணி இறக்குவதிலிருந்து தொடங்கலாம். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் உருவான வீட்டுப் பயிற்சி முறையும் இப்படிச் சின்னச் சின்ன அசைவுகளும் கணுக்காலில் கட்டும் எடையும்தான். அதைச் செய்த முதியவர்கள் கீழே விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது! மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், நெஞ்சு வலி, தலைசுற்றல் இருந்தால் மட்டும் முதலில் டாக்டர்.

பிசியோதெரபிக்கு ஆட்டோ பிடித்து யார் போவது என்கிறீர்களா? தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரை மட்டுமல்ல, இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது! உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கிய தாழ்தளப் பேருந்துகளின் தளம் தரையிலிருந்து சுமார் 40 சென்டிமீட்டர்தான். நிறுத்தத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இன்னும் தாழ்ந்து கொடுக்கும். பஸ்ஸே மண்டியிடுகிறது! ஆனாலும் ஒரு கால் தளத்தில், ஒரு கால் சாலையில் இருக்கிற அந்த நொடிக்குச் சொந்தத் தொடைதான் கைகொடுக்க வேண்டும்.

அந்த வயசில் தொடை கைகொடுக்குமா என்கிறீர்களா? கோவை நானம்மாளைத் தெரியாதவர்கள் உண்டா! தொண்ணூறைத் தாண்டியும் சேலை கட்டிக்கொண்டு ஆசனம் போட்டுக் காட்டியவர், ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர். 2018இல் பத்மஸ்ரீ வாங்கும்போது வயது 98. அடுத்த ஆண்டு 99இல் காலமானார்.

நானம்மாள் சின்ன வயசிலிருந்தே செய்தவர், நமக்கு எங்கே என்று பெருமூச்சு விடுகிறீர்களா? பிரான்சில் ராபர்ட் மார்ஷான் என்றொருவர் இருந்தார். இளமையில் சைக்கிள் ஓட்டியவர்தான், ஆனால் நடுவில் பல வருஷம் தொடாமல் விட்டு, அறுபது வயசைத் தாண்டித் திரும்ப ஏறினார். 2012இல் நூறு வயசில் ஒரு மணி நேரத்தில் 24.25 கிலோமீட்டர் ஓட்டினார். அதற்குப் பிறகு வெரோனிக் பில்லா என்ற உடலியல் ஆய்வாளரின் திட்டப்படி பயிற்சி எடுத்துக்கொண்டு, 2014இல் 102 வயசில் மறுபடி வந்தார். 26.9 கிலோமீட்டர்! நூறுக்கு மேல் வேகம் கூடியிருக்கிறது! பிராணவாயுத் திறனும் 13 சதவீதம் ஏறியிருந்தது. 2017 ஜனவரியில், 105 வயசில், பாரிஸ் அருகே ஓடுதளத்தில் 22.5 கிலோமீட்டர் ஓட்டி அந்த வயசுக்கென்றே ஒரு சாதனையை வைத்தார். இறங்கியதும் அவர் சொன்னது ஒரு குறை. இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று காட்டிய அட்டையைக் கவனிக்கவில்லையாம். பார்த்திருந்தால் இன்னும் வேகமாக மிதித்திருப்பாராம்!